துளசிச் சாற்றுக்கு வளையம் வராதது ஏன்?
இயற்கை உரத்தில் வளர்த்த துளசியைக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றை ஈ.கோலை பாக்டீரியா வளரும் தட்டில் வைத்தும் தடை வளையம் (சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம்) வரவில்லை என்கிறீர்கள். செடியைக் குறை சொல்லாதீர்கள். கொதிக்கும்போதே, துளசியில் கிருமியைத் தடுக்கும் எண்ணெய்ப் பொருளான யூஜெனாலில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், மிஞ்சியதும் தண்ணீரில் சரியாகக் கரையாது. இலையை நன்றாகக் கழுவி (மண்புழு உரக் கிருமிகள் ஒட்டியிருக்கும்) நிழலில் உலர்த்திப் பொடித்து, 70 சதவீத எத்தனாலில் ஒருநாள் ஊறவிடுங்கள். அந்தச் சாற்றைச் சிறு வடிதாள் வட்டில் சொட்டியபின் எத்தனால் முழுக்க உலரட்டும், இல்லாவிட்டால் அதுவே கிருமியைக் கொன்று பொய் வளையம் காட்டும். அதனால் வெறும் எத்தனால் வட்டு ஒன்றையும் கட்டாயம் பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம், ஈ.கோலை கிராம் நெகட்டிவ், அதாவது செல்சுவருக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உள்ள வகை. அதன் வெளிச்சவ்வு பல தாவரப் பொருட்களை எளிதில் உள்ளே விடாது. முதலில், அந்த வெளிச்சவ்வு இல்லாத பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் பாருங்கள். எதுவானாலும் ஆய்வகத்தில் மட்டும், சமையலறையில் வேண்டாம்.