வாசகர் கேள்வி–பதில்: சுற்றுலாவைப் படிக்க வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கு

கேள்வி: நான் சுற்றுலா மேலாண்மை படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. 12 நாள்களில் ஐந்து நாடுகளைச் சுற்றிவரும் கல்விப் பயணம் ஒன்றை எங்கள் துறை ஏற்பாடு செய்திருக்கிறது. உலகச் சுற்றுலாவைப் பற்றி இதில் உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா, அல்லது ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு சரியா?

பதில்: பயணத் திட்டம் இப்படியே இருந்தால் ஊர் சுற்றிப் பார்ப்பதோடு சரி என்பதுதான் என் கருத்து. விமான நிலையத்திலும் பேருந்திலும் கழியும் நேரத்தை நீக்கிப் பார்த்தால் ஒரு நாட்டுக்கு ஒன்றரை நாள் தேறுவதே அதிகம். அந்த ஒன்றரை நாளில் உங்கள் கண்ணில் படப்போவது, வந்துபோகிறவர்களுக்கென்றே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் முகப்பு. சுற்றுலாவைப் பாடமாக எடுத்துக்கொண்டவர் பார்க்க வேண்டியதோ அந்த முகப்பைத் தாங்கி நிற்கும் உழைப்பை; அதைப் பார்ப்பதற்கு ஓரிடத்தில் சில நாள்களாவது நிலையாகத் தங்க வேண்டும்.

இத்தாலியிலுள்ள தீவு நகரமான வெனிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முற்பகலில் ரயிலில் வந்திறங்கி மாலையில் புறப்பட்டுவிடுகிறவருக்குத் தேவாலயமும் சதுக்கமும் கால்வாயும் கூட்டமும் தெரியும். அங்கே நான்கைந்து நாள் தங்கி, விடியற்காலையில் கால்வாயோரம் போய் நிற்கும் மாணவருக்கு வேறொரு நகரம் தென்படும். அந்தப் பழைய நகரத்துக்குள் மோட்டார் வாகனங்கள் நுழைய முடியாது என்பதால், ஹோட்டல்களுக்கு வேண்டிய காய்கறியும் குடிநீர்ப் பாட்டில்களும் சரக்குப் படகுகளில் வந்து இறங்குகின்றன. அங்கிருந்து கைவண்டியில் ஏற்றி, படிக்கட்டுகள் கொண்ட பாலங்களின்மேல் ஒவ்வொரு படியாக இழுத்துச் செல்கிறார்கள். முந்தின நாள் விருந்தினர்கள் பயன்படுத்திய படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாகப் படகேறிச் சலவைக்குப் போகின்றன. அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களிலும் உணவகங்களில் பரிமாறுகிறவர்களிலும் பலர் அந்தத் தீவில் குடியிருப்பவர்கள் அல்லர். அங்கே வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல், எதிர்க்கரையிலுள்ள மெஸ்த்ரேயிலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள்.

1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த வெனிஸின் பழைய நகரப் பகுதியில் 2022இல் மக்கள்தொகை 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது என்ற செய்தியைப் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடலாம். அது எப்படி நடந்தது என்பது, எந்தக் கடையில் அரிசி, பால் விற்கிறார்கள், எந்தக் கடையில் முகமூடியும் நினைவுப் பொருள்களும் விற்கிறார்கள், எந்த வீட்டு வாசலில் வாடகை விருந்தினருக்கான சாவிப் பெட்டி தொங்குகிறது என்று தெருத் தெருவாகக் குறித்துக்கொண்டு நடக்கும்போதுதான் மனத்தில் ஏறும். 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில் வெளியிலிருந்து வந்து இரவு தங்காமல் திரும்புகிறவர்களிடம் அந்நகராட்சி 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. தங்குகிறவருக்குக் கட்டணம் இல்லை, தங்காதவருக்கு உண்டு என்று ஒரு நகரம் ஏன் முடிவு செய்தது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு நான்கு நாள் விடை தேடினால் அது ஒரு பருவத் தேர்வுக்குரிய பாடமாகிவிடும். ஆகவே உங்கள் துறைத் தலைவரைச் சந்தித்து, ஐந்து நாடுகளை ஒன்றாகவோ அதிகம் போனால் இரண்டாகவோ குறைக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: உலக அளவில் ஆண்டுக்கு எத்தனை பேர் சுற்றுலா செல்கிறார்கள்? அந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: மாட்ரிட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. சுற்றுலா அமைப்பு இந்தக் கணக்கைத் தொகுத்து வெளியிடுகிறது. அது தரும் எண்ணிக்கையின்படி 1950இல் சுமார் 2.5 கோடியாக இருந்த பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை 2019இல் ஏறத்தாழ 146 கோடியாக வளர்ந்தது. பெருந்தொற்று பரவிய 2020இல் சுமார் 40 கோடியாகச் சரிந்து, 2024இல் மீண்டும் 140 கோடியளவை எட்டியது.

இந்த எண்ணிக்கை ஆள்களின் எண்ணிக்கை அன்று, வருகைகளின் எண்ணிக்கை என்பதை மாணவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டும். ஒருவரே ஓராண்டில் மூன்று நாடுகளுக்குச் சென்றால் அது மூன்று வருகையாகப் பதிவாகும். எல்லை கடந்து வந்து ஓர் இரவேனும் தங்கியவரே இதில் சேர்வார். காலையில் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கி மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடும் ஆயிரக்கணக்கானோர் இந்தக் கணக்கில் வருவதில்லை. சொந்த நாட்டுக்குள்ளேயே பயணம் செய்கிறவர்களும் வருவதில்லை, அவர்கள் தொகையோ இதைவிடப் பல மடங்கு பெரிது. கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும் என்கிறேன்.

உலகத் தொகையைவிட ஒரே நாட்டின் கணக்கு மாணவர்களுக்கு அதிகம் கற்பிக்கும். 2010இல் ஐஸ்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 5 லட்சத்துக்கும் குறைவு. 2018இல் சுமார் 23 லட்சம். அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ மூன்றரை லட்சந்தான். 2008இல் அதன் வங்கிகள் வீழ்ந்து நாணய மதிப்பு சரிந்ததால் வெளிநாட்டவருக்கு அங்கே செலவு குறைந்தது. 2010இல் வெடித்து ஐரோப்பிய விமானப் போக்குவரத்தையே முடக்கிய எரிமலை, அந்த நாட்டின் நிலக்காட்சியை உலகத் தொலைக்காட்சிகளில் பல நாள் காட்டியது. விமான நிறுவனங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகளை நடுவே அங்கு இறங்கிச் சில நாள் தங்கிப்போக அழைத்தன. பொருளாதாரமும் புவியியலும் போக்குவரத்தும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் உலகச் சுற்றுலா.

கேள்வி: நான் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். மாணவர்களை அழைத்துச் செல்லும் முன் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? அங்கே என்ன பணி கொடுக்கலாம்?

பதில்: கோட்பாடுகளைக் குவிக்க வேண்டாம், இரண்டு போதும். ஒரு சுற்றுலாத் தலம் கண்டறியப்பட்டு, வளர்ந்து, தேங்கி, பிறகு சரிவதையோ புத்துயிர் பெறுவதையோ விளக்கும் வாழ்க்கைச் சுழற்சி மாதிரியை ரிச்சர்ட் பட்லர் 1980இல் முன்வைத்தார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், பயணிகள் பெருகப் பெருக உள்ளூர் மக்களின் மனநிலை வரவேற்பிலிருந்து அலட்சியத்துக்கும், அங்கிருந்து எரிச்சலுக்கும், கடைசியில் பகைமைக்கும் மாறுவதை டாக்ஸி என்பவர் படிநிலைகளாக வகுத்தார். இரண்டையும் வேதவாக்காக அன்றி, களத்தில் சோதித்துப் பார்ப்பதற்குரிய கருதுகோள்களாகக் கற்பியுங்கள். சோதித்தபின் மாணவர்கள் அவற்றை மறுத்தாலும் மதிப்பெண் கொடுங்கள்.

களப்பணியாக நான் பரிந்துரைப்பது ஒன்றுதான். ஒவ்வொரு மாணவரும் தாம் தங்கும் ஹோட்டலின் ஒரு நாள் ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பணம் எங்கெங்கே போகிறது என்று தேடட்டும். முன்பதிவு இணையதளத்துக்குத் தரகு எவ்வளவு, கட்டடத்தின் உரிமையாளர் எந்த ஊர்க்காரர், பெயர்ப்பலகையில் உள்ள நிறுவனம் எந்த நாட்டினுடையது, காலை உணவில் வைத்த பழச்சாறும் வெண்ணெயும் உள்ளூரில் விளைந்தவையா, கப்பலில் வந்தவையா, அறையைத் துடைத்தவர் நிரந்தர ஊழியரா, ஒப்பந்தத் தொழிலாளியா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கட்டும். எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்காது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நிர்வாகம் தயங்குகிறது என்பதும் எழுதத் தக்க செய்தியே.

இந்தப் பணிக்கு மாலத்தீவு மிகவும் ஏற்ற இடம். ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதி என்ற முறை அங்கே நெடுங்காலமாக உண்டு. விதி தளர்த்தப்பட்ட 2009க்குப் பிறகு, மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் சிறிய விருந்தினர் இல்லங்கள் பெருகின. ஒரே கடல், ஒரே வானிலை, ஒரே நாட்டுச் சட்டம் இருக்க, பயணியின் பணம் ஊருக்குள் தங்குவதும் வெளியே கசிவதும் எதனால் வேறுபடுகின்றன என்று அருகருகே வைத்து ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் அமையாது.

கேள்வி: பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகள் மீது உள்ளூர் மக்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சியடித்த செய்தியைப் பார்த்தபின் அங்கே செல்லவே தயக்கமாக இருக்கிறது. அவர்களுக்கு வெளிநாட்டவர் மீது அவ்வளவு வெறுப்பா?

பதில்: 2024 ஜூலையில் நடந்த அந்தப் போராட்டத்தை வெறுப்பு என்று சுருக்கிவிடுவது அந்த மக்களுக்கு இழைக்கும் அநீதி என்று கருதுகிறேன். அவர்களுடைய முதன்மையான குறை வீட்டு வாடகை. குடியிருப்புகளைச் சில நாள் தங்குகிறவர்களுக்கு விட்டால் கிடைக்கும் வருமானம் அதிகம் என்பதால், ஆண்டுக்கணக்கில் குடியிருப்பவர்களுக்கு வீடு கிடைப்பது அரிதாகி, வாடகையும் ஏறிவிட்டது. நகராட்சியும் இதை ஏற்று, சுற்றுலாக் குடியிருப்புகளுக்கு வழங்கியுள்ள 10,101 உரிமங்களையும் 2028 நவம்பரோடு முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024 ஜூனில் அறிவித்தது.

தயங்காமல் செல்லுங்கள். குடியிருப்போர் சங்கம் ஒன்றுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, படிக்க வரும் மாணவர்கள் என்று தெரிவித்து, ஒரு மணி நேரம் பேச அனுமதி கேளுங்கள். வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரையும் ஹோட்டல் ஊழியர் ஒருவரையும் சந்தியுங்கள். சுற்றுலாவால் பிழைக்கிறவரும் அதனால் வீட்டை இழந்தவரும் ஒரே குடும்பத்தில் இருக்கக்கூடும்.

கேள்வி: விமானத்தில் பறந்துபோய்ச் சுற்றுச்சூழலைப் பற்றிப் படிப்பது முரண் அல்லவா?

பதில்: முரண்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. உலகின் பசுமை இல்ல வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சுற்றுலாவால் ஏற்படுவதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூன்று குறும்பயணங்களுக்குப் பதில் ஒரு நீண்ட பயணம், நகரங்களுக்கு இடையே ரயில் என்று திட்டமிட்டால் சுமையை ஓரளவு குறைக்கலாம். பயணிகள் கூட்டத்தால் சேதமடைந்த தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி, பவளப்பாறைகளை மீண்டும் வளர்த்து, 2022 ஜனவரியில் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். படகுகள் இப்போது விரிகுடாவுக்குள் வராமல் தீவின் பின்புறத்திலேயே நிற்கின்றன. அத்தகைய இடத்தில் போய்க் கற்பது அந்தப் பயணத்துக்கு ஒரு நியாயத்தைத் தரும்.

கேள்வி: என் மகளின் பயணத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: சில நாள் பயணத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம், ஐயா. 1987இல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் கூட்டு முதுகலைப் படிப்புகளுக்கு எல்லா நாட்டு மாணவர்களும் உதவித்தொகை கோரி விண்ணப்பிக்கலாம். அதற்காக ஓரிரு ஆண்டு காத்திருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் பயணத்தில் ஓர் அனாதை இல்லத்தில் இரண்டு நாள் சேவை செய்வதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல செயல்தானே?

பதில்: நல்ல எண்ணம், ஆனால் அதைச் செய்யாதீர்கள். கம்போடியாவின் காப்பகங்களில் வாழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிரோடு இருப்பதை ஆய்வுகள் வெளிப்படுத்தின. பயணிகள் தரும் நன்கொடைக்காகவே சில இல்லங்கள் ஏழைப் பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்துக் கொண்டுவந்து வைத்திருப்பதும் தெரியவந்தது. இரண்டு நாள் கொஞ்சிவிட்டுப் போகிறவர்கள் வாரந்தோறும் மாறிக்கொண்டே இருந்தால், பற்றுவைப்பதும் பிரிவதுமாகவே அந்தப் பிள்ளைகளின் காலம் கழியும்.

அந்த இரண்டு நாளையும் ஊரின் குடிநீர் வாரியத்திலோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலோ செலவிடும்படி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். சில வாரப் பயணியர் பெருக்கத்துக்காக ஆண்டு முழுவதும் எவ்வளவு பெரிய அமைப்பைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்று அங்குள்ள பொறியாளர்கள் விளக்குவார்கள். திட்டத்தை மாற்ற முகவர் மறுத்தால், அந்த நாள்களுக்குரிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்பதில் தவறில்லை.