ரீகால் குறைவாக இருந்தால் நல்ல காரா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பழைய கார் வாங்குவதற்காக இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலையும் ஓடிய மைலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்கு ஆறு ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்ய நிறுவனமே காரைத் திரும்ப அழைப்பது), மற்றதற்கு ஒன்றே ஒன்று. சர்வீஸ் புல்லட்டின்களோ (கோளாறை எப்படிச் சரிசெய்வது என்று நிறுவனம் டீலர்களுக்கு அனுப்பும் குறிப்புகள்) இரண்டுக்குமே ஏராளம். ரீகால் குறைந்த காரையே எடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரீகால் வருவது பாதுகாப்புக் குறைபாட்டுக்காக. கார் எத்தனை முறை ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது.

டகாட்டா என்ற நிறுவனம் தயாரித்த ஏர்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை விரியவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விபத்து நேரத்தில் உலோக உறையையே சிதறடித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் ரீகாலுக்கு உள்ளாயின. ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு, பிஎம்டபிள்யூ என யாரும் தப்பவில்லை. ஓட்டுநர் பக்கம், பயணி பக்கம் என்று ஒரே காருக்குப் பல ரீகால்களும் வந்தன. உங்கள் ஆறில் இந்த வகை எத்தனை என்று பாருங்கள். எஞ்சினின் உழைப்புக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை.

இதற்கு நேர்மாறு, 2012 மாடல் ஃபோர்டு ஃபோக்கஸ். அதன் பவர்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், வண்டி கிளம்பும்போது நடுங்கும். பலர் திரும்பத் திரும்ப கிளட்ச் மாற்றினார்கள். ஆனாலும் அமெரிக்காவில் அந்த நடுக்கத்துக்கு ரீகால் வரவில்லை, புல்லட்டின்கள்தான் வந்தன. 2014-இல் பல கார்களுக்கு கிளட்ச் வாரண்டியை 7 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டினார்கள். ரீகால் பட்டியலோடு நிறுத்திக்கொண்டவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. வாரண்டியை நிறுவனமே நீட்டியிருக்கிறது என்றால் அந்த உறுப்பைச் சந்தேகியுங்கள்.

ஆகவே புல்லட்டின்களைப் பொறுமையாகப் படியுங்கள். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் மாடலையும் ஆண்டையும் கொடுத்தால் இலவசமாகவே கிடைக்கும். புளூடூத், கதவுச் சத்தம் போன்றவற்றைத் தள்ளிவிடலாம். எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் என்று வந்தால் நிதானியுங்கள். ஒரே கோளாறுக்குப் பழைய புல்லட்டினை ரத்து செய்து புதியது, அதையும் ரத்து செய்து இன்னொன்று என்று வந்திருந்தால், முதலில் சொன்ன வைத்தியம் பலிக்கவில்லை என்று பொருள். என்னைப் பொறுத்தவரை இதைவிட மோசமான அறிகுறி இல்லை.

எந்தத் தேதிக்குள் தயாரான கார்களுக்கு ஒரு புல்லட்டின் பொருந்தும் என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் கார் அந்தத் தேதிக்குப் பிறகு தயாரானது என்றால் கவலை குறைந்தது.

செலவிலும் வித்தியாசம் உண்டு. ரீகால் வேலை, கார் முதலில் விற்பனையானதிலிருந்து 15 ஆண்டு வரை இலவசம். புல்லட்டின் சொல்லும் வேலைக்கு, வாரண்டி முடிந்திருந்தால் பணம் உங்களுடையது. ஆறு ரீகாலும் முடிந்த காரில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஒற்றை ரீகால் கார், கியர்பாக்ஸுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரீகால் வேலை முடியாத புதிய காரை டீலர் விற்கக் கூடாது என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். பழைய காருக்கு அந்தத் தடை இல்லை. இது பெரிய அநியாயம். இரண்டு கார்களின் 17 இலக்க வின் எண்ணையும் (ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) அதே இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். முடியாத ரீகால் இருந்தால், முடித்துத் தந்த பிறகே பணம் கொடுங்கள். புல்லட்டினில் பெரிய வேலை ஏதும் கண்ணில் பட்டால், அதைச் செய்ததற்கான சர்வீஸ் ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.