ஆர் (R) நிரல்மொழியில் %>% பைப்புக்கும் |> பைப்புக்கும் என்ன வித்தியாசம்? பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் போதுமா?

போதாது. போட்டுப் பார்த்து மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன். (பைப் என்பது ஒரு வேலையின் விடையை அப்படியே அடுத்த ஃபங்ஷனுக்குள் அனுப்பும் குறி.)

ஆபீஸில் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட் உங்கள் தலையில் விழுந்திருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடுகளின் பரப்பளவையும் விலையையும் வைத்து ஒரு ரிக்ரெஷன் (ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்கும் கணக்கு), முழுக்க %>%. அது மாக்ரிட்டர் (magrittr) என்ற கூடுதல் பேக்கேஜில் 2014-இலிருந்து இருப்பது, லைப்ரரியை ஏற்றினால்தான் வரும். |> ஆர் மொழிக்குள்ளேயே இருக்கிறது, 2021-இல் வந்த 4.1 பதிப்பிலிருந்து. பேக்கேஜ் ஒன்று குறையுமே என்று எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் மாற்றினேன்.

ரிக்ரெஷன் போடும் எல்எம் (lm) ஃபங்ஷனுக்குள் 'டேட்டா = .' என்று இருந்த வரி முதலில் படுத்தது. பைப் வழியாக வரும் தரவு எங்கே உட்கார வேண்டும் என்று காட்டும் அந்தப் புள்ளி புதிய பைப்புக்குத் தெரியாது, _ தான் தெரியும். அதுவும் 4.2-க்கு அப்புறம்தான், ஆர்க்யுமென்டின் பெயரைச் சொல்லியாக வேண்டும், ஒரு அழைப்பில் ஒரு தடவைதான். புள்ளியை இரண்டு இடத்தில் வைத்திருந்த வரிகளைக் குட்டி ஃபங்ஷனாகத் திருப்பி எழுதினேன். கடைசியில், முதல் சில வரிசைகளைக் காட்டும் ஹெட் (head) ஃபங்ஷனை வெறும் ஹெட் என்று அடைப்புக்குறி இல்லாமல் விட்டால் பழையது பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

எல்லாம் சரி பண்ணி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வரில் ஏற்றினால், அங்கே ஆர் 4.0! அதற்கு |> என்றால் என்னவென்றே தெரியாது. சோர்ஸ் (ஃபைலை ஓட்டும் கட்டளை) கொடுத்ததும் மொத்த ஃபைலையும் படிக்கும்போதே நின்றுவிட்டது, முதல் வரிகூட ஓடவில்லை. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே தம்பி" என்றார் மேலதிகாரி.

சர்வரைப் புதுப்பிக்க ஃபாரம் கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. அதாவது பரவாயில்லை, ஏர்கானைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி அதற்கு முன்னாலேயே கொடுத்த ஃபாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் உள்ளே ஸ்வெட்டரோடு டைப் அடிக்கிறேன்.

புதியதுதான் வேகம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். |> படிக்கும்போதே சாதாரண ஃபங்ஷன் அழைப்பாக மாறிவிடுகிறது, பைப்புக்கென்று தனிச்செலவு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். என் தரவில் அந்த வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

புதிதாக எழுதுவதை |> வைத்தே எழுதுங்கள், ஓடுகிற பழையதைத் தொடாதீர்கள், சர்வரில் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். ஆர் எழுதும் மென்பொருளான ஆர்ஸ்டூடியோவில் கண்ட்ரோல் ஷிஃப்ட் எம் அமுக்கினால் எந்த பைப் வர வேண்டும் என்று செட்டிங்கில் ஒரு டிக் இருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் போட்டுவிட்டேன். ஆபீஸில் இன்னும் இல்லை.