பையன் கடற்படைக்குப் போகிறான்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பல்லடம் பக்கத்தில் 6 விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறோம்ங்க. பாவு நூல் வராத மாதம் வருமானமும் வராது. பையன் ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் எடுத்து 71 சதவீதம் வாங்கியிருக்கிறான். கடற்படைதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். தெரிந்த தரகர் ஒருவர், 'நேவியில் நேரடி வேலை, 4.5 லட்சம் ஆகும்' என்கிறார். வீட்டில் 12 பவுன் இருக்கிறது, பேங்க்கில் 2 லட்சம் டெபாசிட். பொண்ணு பத்தாவது படிக்கிறாள். நகையை வைத்துக் கட்டிவிடலாமா? வேலை கிடைத்தால் சம்பளத்தை எப்படிப் பிரித்து வைப்பது?

பதில்: நகையை எடுக்காதீர்கள். தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தியக் கடற்படையில் சேர விண்ணப்பக் கட்டணம் 550 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 649 ரூபாய். கடற்படையின் இணையதளத்தில் பையனே விண்ணப்பித்து அங்கேயே கட்டிவிடலாம். கோயமுத்தூர் ரெட் ஃபீல்ட்ஸில் உள்ள ஐஎன்எஸ் அக்ரணியில் ஆள் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மாலுமிகளுக்குத் தலைமைத்துவப் பயிற்சி தரும் தளம், ஆள் எடுக்கும் இடம் அல்ல.

தரகர் சொல்வது வணிகக் கப்பல் வேலையாகவும் இருக்கலாம். நம் பக்கத்தில் இரண்டையுமே 'நேவி' என்றுதான் சொல்கிறோம், பலர் ஏமாறுவது அந்த ஒரு சொல்லில்தான். வணிகக் கப்பலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் எனும் ஆள்சேர்ப்பு உரிமம் வைத்திருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். படிப்புக்குக் கல்லூரி வாங்கும் கட்டணம் வேறு, அதற்கு ரசீது வரும். 'சர்டிபிகேட், சிடிசி (மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம்), கப்பல் எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ரொக்கமாகக் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். 4.5 லட்சத்தை நகை மேல் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டியில் எடுத்தால் மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. பாவு வராத மாதத்திலும் அந்த வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

நியாயமாகச் செலவழிக்க வேண்டியவை சின்னவை. முதலில் கண், காது, பல். பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் கண் டாக்டரிடம் இப்போதே பார்த்துவிடுங்கள். நிறத்தில் குறை இருந்தால் ஒரு வருடம் கோச்சிங்கில் போட்ட பணமும் உழைப்பும் வீண். காது அழுக்கையும் பல் காரையையும் எடுத்துவிட்டுத்தான் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும், அதை அறிவிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். உயரம் குறைந்தது 157 செ.மீ. உடல்தகுதித் தேர்வில் 1.6 கி.மீ. தூரத்தை 6 நிமிடம் 30 நொடிக்குள் ஓட வேண்டும். 20 பஸ்கி, 15 தண்டால், படுத்தபடி 15 முறை எழ வேண்டும். இதற்கு நல்ல ஷூவும் விடிகாலை மைதானமும் போதும். கணினித் தேர்வு 100 கேள்வி, ஒரு மணி நேரம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். தமிழ்வழியில் படித்திருந்தால் கோச்சிங் பணத்தை ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்தில் அறிவியல் படிப்பதற்கும் கொடுங்கள். மாதாமாதம் கட்டும் இடமாகப் பாருங்கள். அசல் சான்றிதழைக் கேட்கும் அகாடமியில் சேர்க்காதீர்கள், பாதியில் விலக நினைத்தால் அதைத் தராமல் இழுத்தடிப்பார்கள்.

சம்பளத்துக்கு வருவோம். இப்போது அக்னிவீர் முறையில் 4 வருடத்துக்கு எடுக்கிறார்கள். முதல் வருடம் மாதம் 30,000. அதில் 30 சதவீதம், 9,000 ரூபாய், பணி முடியும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போகும். கையில் 21,000 வரும். நாலாவது வருடம் சம்பளம் 40,000, கையில் 28,000. நாலு வருடத்தில் அவன் பங்கு 5.02 லட்சம் சேரும், அரசும் அதே அளவு போடும். ஆக 10.04 லட்சமும் வட்டியும். இதற்கு வருமான வரி இல்லை. ஓய்வூதியம், பணிக்கொடை, முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. நாலு பேரில் ஒருவர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். அப்படி எடுத்தால் சேவா நிதியில் அவன் பங்கும் அதன் வட்டியும்தான் கிடைக்கும், அரசின் பங்கு வராது. இதைத் தெரியாமல் 10 லட்சம் நிச்சயம் என்று நம்பிக் கடன் வாங்குபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தங்கும் இடமும் சாப்பாடும் படையே கொடுப்பதால் 21,000-இல் 10,000 ரூபாயை அவன் பெயரில் தொடர் வைப்பில் போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 6.5 சதவீதம் வட்டி என்றால் 48 மாதத்தில் 5.4 லட்சத்தைத் தாண்டும். மிச்சத்தில் அவன் கைச்செலவு போக, உங்களுக்கு 5,000 அனுப்பினால் தங்கை படிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 'மிலிட்டரி சம்பளம்' என்றதும் 20 வருட எண்டோமென்ட் (சேமிப்பும் சேர்ந்த காப்பீடு) பாலிசியோடு ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள், வேண்டாம். நாலு வருடத்தில் வருமானம் நின்றால் பிரீமியமும் நின்றுவிடும். பணியில் இருக்கும்வரை 48 லட்சத்துக்கான ஆயுள் காப்பீட்டை அரசே தருகிறது, அதற்கு அவன் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு, தேவைப்படுவது உங்களுக்குத்தான், ஏனென்றால் குடும்பம் இன்னும் உங்கள் தறியை நம்பித்தான் இருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது நாலாவது வருட முடிவைப் பற்றித்தான். 22 வயதில் கையில் 10 லட்சத்தோடு வருவான். அதே சமயம் உங்கள் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கலாம். அவளுக்கு வேண்டிய பணத்துக்கு உங்கள் 12 பவுனும் 2 லட்சமும் அடித்தளமாக இருக்கட்டும். அவன் பணத்தில் கை வைக்க வேண்டாம். அது அவன் அடுத்த படிப்புக்கும் தொழிலுக்குமான முதல். இரண்டாவது வருடத்திலேயே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அக்னிவீர் பட்டப் படிப்பில் சேரச் சொல்லுங்கள். பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட் புள்ளிகளில் பாதி பணிப் பயிற்சிக்கே கிடைக்கும். சிஐஎஸ்எஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீட்டை 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் அதற்கும் தேர்வு எழுத வேண்டும், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஓட, தொடர் வைப்புப் பணத்தில் ஒரு லட்சத்தைத் தனியே வைத்துவிட்டு மீதியை ஒரு வருட வைப்பாக மாற்றுங்கள். சேவா நிதியை முதல் 6 மாதம் தொடவே வேண்டாம். ஊருக்கு வந்த சூட்டோடு தறி வாங்குவதோ, பழைய பனியன் யூனிட்டில் பங்கு சேர்வதோ கூடாது.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பத்தாவது மதிப்பெண் பட்டியலையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இன்ஷியல் மட்டும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக, அம்மா பெயரில் ஓர் எழுத்து வேறு என்றெல்லாம் இருந்தால் சான்று சரிபார்ப்பில் நின்றுவிடும். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரைத் திருத்துங்கள். பான் கார்டையும் வங்கிக் கணக்கையும் அதற்குப் பிறகு அதே பெயரில் எடுங்கள். இருப்பிடச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான்.