முட்டுக்காடு மனை: கடலை அளந்தீர்கள், கால்வாயை அளந்தீர்களா?

கேள்வி: சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காடு பக்கம் 40-க்கு 60 அடி மனை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கிழக்கே கடல் சுமார் 600 மீட்டர். மேற்கே பக்கிங்காம் கால்வாயின் கரை 55 மீட்டர். அந்த இடத்தில் கால்வாய் ஏறக்குறைய 70 மீட்டர் அகலம். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு, பட்டா இருக்கிறது, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணைய) எண் இருக்கிறது, வங்கியும் கடன் தரத் தயார். "சி.ஆர்.இசட். எல்லாம் கடலிலிருந்து 500 மீட்டர்தான், மூன்றடி மண் கொட்டினால் தண்ணீர் பிரச்சினையும் இல்லை" என்கிறார் தரகர். நம்பி வாங்கலாமா?

பதில்: தரகர் சொன்ன 500 மீட்டர் கடல் பக்கத்துக்கான கணக்கு. சி.ஆர்.இசட். எனப்படும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்கு இன்னொரு கையும் உண்டு. ஓதம் ஏறி இறங்கும் கழி, கால்வாய், முகத்துவாரம் எதுவானாலும் அதன் இரு கரையோரமும் மண்டலத்துக்குள் வரும். ஆண்டின் மிக வறண்ட பருவத்தில் அளக்கும்போது லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருக்கும் இடம் வரை அது ஓதம் எட்டும் நீர்நிலை என்பது விதி. முட்டுக்காடு முகத்துவாரத்தை ஒட்டிய கால்வாய் பற்றி இதில் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லை.

மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கையின்படி கழியோரத்தில் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது மண்டல எல்லை. உங்கள் இடத்தில் அது 70 மீட்டர். 55 மீட்டரில் இருக்கும் மனை உள்ளே விழுகிறது. ஊராட்சிப் பகுதி என்றால் பெரும்பாலும் சி.ஆர்.இசட். மூன்றாம் வகை. அதில் இந்தப் பட்டை முழுவதுமே கட்டுமானம் கூடாத பகுதி. ஏற்கெனவே அனுமதியோடு நிற்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், புதிதாகக் கட்ட முடியாது. 2019 அறிவிக்கையில் அந்த 100 மீட்டர் 50 ஆகக் குறைந்தது. அதன்படி பார்த்தால் உங்கள் மனை 5 மீட்டர் வெளியே நிற்கிறது. ஆனால் 2019 விதி ஒரு மாவட்டத்தில் நடைமுறைக்கு வருவது, அதற்கேற்பத் திருத்திய கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான். அதுவரை பழைய வரைபடமும் 2011 விதியும்தான் செல்லும். ஆகவே முதல் கேள்வி தூரம் பற்றியது அல்ல. நீங்கள் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு எந்த வரைபடம் செல்லுபடியாகும் என்பதே முதல் கேள்வி. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது, இந்த 55 மீட்டரை எங்கிருந்து அளந்தீர்கள்? கால்வாயின் கல்கட்டிலிருந்தா, தண்ணீர் ஓரத்திலிருந்தா? விதி இரண்டையும் கேட்பதில்லை. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஓதத்தின்போது தண்ணீர் நிலத்தில் ஏறும் எல்லையிலிருந்து, அளக்கச் சொல்கிறது. கரையோரம் உப்புச் சதுப்போ, உமரிச் செடி படர்ந்த தாழ்வோ இருந்தால் அந்தக் கோடு நிலத்துக்குள் 10, 15 மீட்டர் ஏறிவிடலாம். அப்போது 2019 விதியிலும் நீங்கள் உள்ளேதான்.

இணையத்தில் கிடைக்கும் மேலாண்மைத் திட்ட வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். 1:25,000 அளவில் உங்கள் மனை ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்கு முக்கால் மில்லிமீட்டர். கோட்டின் தடிமனுக்குள்ளேயே மனை மறைந்துபோகும். சர்வே எண்ணோடு பொருத்திப் பார்க்க 1:4,000 அளவு உள்ளூர் வரைபடம் வேண்டும். அதில் மனை 3 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போல மத்திய அரசு அங்கீகரித்த அமைப்புகள் மட்டுமே இதைப் போட்டுத் தர முடியும். தனியார் சர்வேயரின் வரைபடம் செல்லாது. செலவு ஆகும்தான். மனை விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் பத்து ரூபாய்ச் செலவில் ஒரு வேலை செய்யலாம்: மனையின் புலப்பட (நில அளவை வரைபட) நகலை இணைத்து, இந்த சர்வே எண், இந்த உட்பிரிவு எந்த சி.ஆர்.இசட். வகையில் வருகிறது, எந்த வரைபடத் தாளில் இருக்கிறது என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

"அங்கீகரித்த மனைப்பிரிவுதானே, பார்க்காமலா கொடுத்திருப்பார்கள்?" என்று கேட்பீர்கள். சி.எம்.டி.ஏ.வோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) டி.டி.சி.பி.யோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது பார்ப்பது சாலை அகலம், பூங்கா இடம், மனை அளவு போன்றவை. வேறு சட்டப்படி வேண்டிய அனுமதிகளை விண்ணப்பதாரரே பெற வேண்டும் என்ற வரி ஒப்புதல் கடிதத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ரெரா எண் திட்டம் பதிவானதற்கான சான்று, அவ்வளவுதான். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது உரிமை மூலமும் வில்லங்கமும். இதில் யாரும் உயர் ஓதக் கோட்டைத் தேடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கொச்சி மரடு இதற்கு நல்ல பாடம். 2006-இல் அந்த ஊராட்சி கட்டட அனுமதி கொடுத்தது. கடலோர மண்டல ஆணையத்தின் இசைவு இல்லை. கட்டி, விற்று, ஆட்கள் குடியேறிய பிறகு, 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அவையும் கடலோரம் நின்றவை அல்ல, காயலோரம் நின்றவைதான்.

2019 விதி நடைமுறையில் இருந்து, மனை கட்டலாம் என்ற பகுதியில் வந்தால், சொந்தக் குடியிருப்புக்கு 300 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு வரை உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம். மாநிலக் கடலோர மண்டல ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை. மாடியில் வாடகைக்கு விடக் கூடுதல் போர்ஷன்கள் போட்டால் அது "சொந்தக் குடியிருப்பு" தானா என்ற கேள்வி வரும். அதை வரைபடம் போடும் முன்பே யோசியுங்கள்.

காகிதம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி தண்ணீர். இந்தப் பகுதியில் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் கடல் தண்ணீர் அல்ல, மேற்கிலிருந்து வருவது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நிறைந்தால் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர வேண்டும். முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருந்தாலோ, புயலோடு கடல் மட்டமும் உயர்ந்திருந்தாலோ வடிய வழியில்லாமல் நாள் கணக்கில் நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மேற்கே பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நடந்தது நினைவிருக்கும்.

ஆகவே "மூன்றடி" என்பது எந்த மட்டத்திலிருந்து மூன்றடி? மனைப்பிரிவு போட்டவர் நீர்வளத் துறையிடம் வெள்ளப் பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்று வாங்கியிருந்தால், மனையைக் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் வரை உயர்த்த வேண்டும் என்று ஓர் எண் அதில் இருக்கும். அந்தக் கடிதத்தைக் கேளுங்கள், பக்கங்கள் முழுதாக. தர மறுத்தால் அதுவே ஒரு பதில். பிறகு சர்வேயரை வைத்து உங்கள் மனையின் இன்றைய மட்டத்தையும், முன்னாலுள்ள சாலையின் நடு மட்டத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்குச் சான்றில் 3.20 மீட்டர் என்றிருந்து, மனை 1.90-இல் இருந்தால், வேண்டியது 1.30 மீட்டர். நாலேகால் அடி. அதற்கு மேல்தான் வீட்டின் அடித்தளம்.

மூன்றடி என்றே வைத்தாலும் 2,400 சதுர அடிக்கு 7,200 கன அடி, அதாவது 72 யூனிட். இறுகும்போது குறையும் என்பதால் 90 யூனிட் வரை இறக்க வேண்டும். ஆறு யூனிட் லாரியில் 15 நடை. ஒரு அடிக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து உருளை ஓட்ட வேண்டும். ஒரே நாளில் கொட்டி பொக்லைனால் நிரவிவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் தரை இறங்கி, போர்டிகோ சுவரிலிருந்து பிரியும். வீட்டு அஸ்திவாரம் எப்படியும் கொட்டிய மண்ணில் நிற்கக் கூடாது. அதைத் தாண்டி மண் பரிசோதனை காட்டும் உறுதியான அடுக்கு வரை இறங்க வேண்டும்.

மண் கொட்டுவதைவிடத் தூண் மேல் வீட்டை ஏற்றி, கீழே வண்டி நிறுத்தம் விடுவதே இங்கே சரி என்பது எங்கள் கருத்து. தண்ணீர் வந்தால் வந்து போகும். பக்கத்து மனைக்காரர் வாசலில் உங்கள் வெள்ளத்தைத் தள்ளிவிட்டதாகவும் இருக்காது. மீட்டர் பலகை, இன்வெர்ட்டர், மோட்டார் சுவிட்ச் மூன்றும் முதல் தளத்துக்குப் போகட்டும். உப்புக் காற்றுக்கு கான்கிரீட்டின் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும். இந்தியத் தர விதி 456 சொல்வது இது.

பலரும் கோட்டை விடுவது செப்டிக் டேங்கில். நிலத்தடி நீர் மேலேறும் மழைக்காலத்தில் லாரி வைத்துத் தொட்டியைக் காலி செய்தால், அது மிதந்து கிளம்பிவிடும். வெளி அளவு 2.5 × 1.5 × 1.8 மீட்டர் தொட்டி என்றால் தண்ணீர் அதை மேலே தள்ளும் விசை 6.75 டன். ஆறு அங்குலச் சுவர், அடித்தளம், மூடியோடு கான்கிரீட் எடை ஏறக்குறைய 7 டன். மயிரிழையில் தப்பிக்கிறது, 1.2 மடங்கு பாதுகாப்பு வைத்தால் 8.1 டன் வேண்டும். அடித்தளப் பலகையை நாலு பக்கமும் ஒரு அடி வெளியே நீட்டிவிட்டால் அதன் மேல் உட்காரும் மண்ணே மீதியைப் பார்த்துக்கொள்ளும். செங்கல் தொட்டி இன்னும் லேசு. இந்த இடத்துக்கு வேண்டாம்.

முன்பணம் கொடுக்கும் முன் விற்பனை ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேருங்கள்: மனை கட்டுமானம் கூடாத பகுதியில் வருவதாக 1:4,000 வரைபடமோ எழுத்துப்பூர்வப் பதிலோ காட்டினால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும்; உயர்த்த வேண்டிய மட்டம் நீங்கள் ஏற்கும் அளவைத் தாண்டினாலும் அப்படியே. வரைபடத்துக்கும் பதிலுக்குமாகக் குறைந்தது 90 நாள் கெடு வையுங்கள். விற்பவர் "மாதக் கடைசிக்குள் பதிவு பண்ணணும்" என்று அவசரப்படுத்தினால், 70-க்கும் 55-க்கும் இடையிலான அந்த 15 மீட்டர் கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கலாம்.