பழைய மில் சங்கை வீட்டில் ஊதிப் பார்த்தேன்; போலீஸ் எடுத்துப் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கோவையில் குடியிருப்புப் பகுதியில் சொந்த வீடு. மூடப்பட்ட நூற்பாலை ஒன்றின் பழைய சாமான்களை ஏலம் எடுத்த வியாபாரியிடம் 5 குதிரைத் திறன் மோட்டார் உள்ள பழைய சங்கை (ஆலைச் சைரன்) ரசீதுடன் வாங்கினேன். வீட்டில் மும்முனை இணைப்பு உண்டு. அனுமதித்த மின்பளு 5 கிலோவாட். ஞாயிறு காலை 11 மணிக்கு மூன்று முறை போட்டுப் போட்டு அணைத்தேன், மொத்தம் 20 நொடி இருக்கும். பக்கத்து வீட்டார் புகார் செய்ய, காவல் நிலையத்திலிருந்து வந்து சங்கை எடுத்துப் போனார்கள். காகிதம் எதுவும் தரவில்லை. மின்வாரிய ஊழியரும் வந்து, வீட்டு இணைப்பில் இதை ஓட்டியது குற்றம், வணிகக் கட்டணம் போடுவேன் என்கிறார். சங்கைத் திரும்பப் பெற முடியுமா? இனி ஊதிப் பார்க்கவே கூடாதா?

பதில்: சங்கு வைத்திருப்பது குற்றமல்ல. தனியார் சைரன் வாங்குவதற்கு உரிமம் கேட்கும் சட்டம் எதுவும் இல்லை. உங்கள் சிக்கல் ஒலி மதிலைத் தாண்டியதில்தான் இருக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அது எந்த மாதிரி ஒலியாகப் போனது என்பது.

முதலில் பொருளை மீட்போம். பொதுத் தொல்லைக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் தண்டனைச் சட்டம்) 292ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம் மட்டுமே உண்டு. அது பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றமல்ல. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்யவும் முடியாது. பொருளைக் கைப்பற்றும் அதிகாரத்தை பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 106ஆம் பிரிவு தருகிறது. ஆனால் கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கைப்பற்றுவதை ஒலி, ஒளியுடன் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105ஆம் பிரிவு. உங்கள் விஷயத்தில் மகஜர் (கைப்பற்றியதை எழுதும் ஆவணம்) கூட இல்லை.

எனவே நிலைய ஆய்வாளருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். வாங்கிய ரசீதின் நகல், மோட்டார் பெயர்த்தகட்டின் புகைப்படம், எடுத்துப் போன நாள், நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். மனு ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அதே நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின் கீழ் பொருளைத் திருப்பித் தரக் கேட்டு மனு போடலாம். உடைமைக்கு ரசீது இருக்கிறது, வேறு யாரும் உரிமை கோரவில்லை. பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு தருவதே வழக்கம். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் போனால் திருட்டுப் பொருளோ என்ற கேள்வி வரும், அப்போது நிலைமை வேறு.

இனி ஒலி. 'என் வீட்டுக்குள்தானே போட்டேன்' என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 தீர்ப்பிலேயே மூடிவிட்டது: தன் இடத்தில் எழுப்பினாலும் அடுத்தவர் எல்லைக்குள் போய்த் தொல்லை தரும் ஒலியை எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை. ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. தனியார் ஒலிக்கருவி தன் இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபல் வரை கூடலாம். ஆக, பகலில் உங்கள் மதில் ஓரத்தில் 60. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்றால் 55.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டரில் 110 டெசிபல் தரும் சங்கு என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 6 மீட்டரில் 104, 12 மீட்டரில் 98. பக்கத்து வீட்டுச் சன்னல் பெரும்பாலும் அந்த 12 மீட்டருக்குள்தான் இருக்கும். 60க்கு இறங்க ஏறத்தாழ 950 மீட்டர் வேண்டும். சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் தோட்டம் இருந்தால் ஒழிய, வீட்டில் முழு வேகத்தில் ஊத இடமே இல்லை.

விதியில் உள்ள அளவு நேரச் சராசரி. 20 நொடியை 16 மணி நேரத்துக்குப் பரப்பினால் ஏறத்தாழ 35 டெசிபல் குறைவாகத் தெரியும். வழக்கு வந்தால் இதைச் சொல்லலாம். ஆனால் இதை நம்பி மறுபடி ஊதாதீர்கள். பொதுத் தொல்லைக்கு மீட்டர் அளவே தேவையில்லை. மேலும் 8ஆம் விதியின் கீழ் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி எழுத்து மூலம் தடை போடலாம். அதில் மாற்றமோ நீக்கமோ கோரி மனுச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. தொல்லையை நிறுத்தும்படி அதிகாரி உத்தரவிட்ட பிறகும் தொடர்ந்தால் நியாய சன்ஹிதா 293ஆம் பிரிவு: 6 மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒலி மாசு விதிகளை மீறினால் பொருந்தும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இப்போது சிறை இல்லை. பணத்தண்டம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகும்.

நீங்கள் கவனிக்காதது ஒன்று உண்டு. மூன்று முறை போட்டுப் போட்டு அணைத்தீர்கள். சங்குக்குள் மோட்டார் சுற்றும் சுழல்வட்டின் வேகம் ஏறும்போது ஒலி ஏறும், அணைத்தால் இறங்கும். அந்த ஏறி இறங்கும் ஊளைதான் வான்வழித் தாக்குதல் எச்சரிக்கை. அபாயம் நீங்கியதற்கு ஒரே சீரான நீண்ட ஒலி. 2025 மே 7இல் நாடு முழுக்க ஒத்திகை நடந்தபோது மக்கள் கேட்டது இதைத்தான். அந்த மே மாதமே, எச்சரிக்கைச் சங்கின் ஒலியை நிகழ்ச்சிகளில் பயன்படுத்த வேண்டாம் என்று தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை போனது. பேரிடர் குறித்துப் பொய் எச்சரிக்கை செய்து பீதி விளைந்தால், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் உண்டு. உங்கள் தெருவில் பீதி எழவில்லை, நல்லது. இனி எங்கு சோதித்தாலும் ஏற்றி இறக்கி ஊதாதீர்கள்.

மின்வாரிய ஊழியர் சொன்னது பாதிதான் சரி. பொழுதுபோக்காக ஒரு மோட்டாரை ஓட்டினால் வீட்டுப் பயன்பாடு வணிகமாகிவிடாது. ஆனால் மின்பளு வேறு கதை. 5 குதிரைத் திறன் என்பது 3.7 கிலோவாட் வெளியீடு, இழுப்பது 4.3 கிலோவாட் அளவில் இருக்கும். ஏ.சி.யும் வெந்நீர்க் கொதிகலனும் சேர்ந்தால் 5 தாண்டிவிடும். அனுமதித்த பளுவுக்கு மேல் எடுப்பதும் மின்சாரச் சட்டம் 126இல் வரும் அங்கீகாரமற்ற பயன்பாடே என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டணம் இரட்டிப்பு விகிதம். தற்காலிக மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள், வாய்ச்சொல்லுக்குப் பணம் கட்டாதீர்கள். இறுதி உத்தரவை எதிர்த்து 127இல் மேல்முறையீடு செய்ய 30 நாள். பாதித் தொகை கட்ட வேண்டும். பளுவை உயர்த்த விண்ணப்பிப்பதே நிம்மதி.

சங்கு கைக்கு வந்ததும் வீட்டில் செய்யக்கூடிய சோதனை நிறைய உண்டு, ஊதாமலேயே. சுழல்வட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் பாருங்கள். 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) கம்பிச் சுற்றுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே 1 மெகாஓமாவது காட்ட வேண்டும். பல ஆண்டு ஈரம் குடித்த மோட்டார் காட்டாது. காய வைத்து மறுபடி அளந்து பாருங்கள். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்து ஓவர்லோடு ரிலேயுள்ள ஸ்டார்ட்டர், எர்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் போடுங்கள். ஓடும்போது 7.5 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் தொடக்கத்தில் 45 வரை இழுக்கும். வெறும் ஸ்விட்ச் வழியாகக் கொடுத்தால் எம்.சி.பி. (மின்சாரம் கூடினால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுவதும் முனை கருகுவதும் இதனால்தான்.

சுழல்வட்டில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு மும்முனை 415 வோல்ட் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து, வழக்கமான 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பதில் 15 ஹெர்ட்ஸில் ஓட்டலாம். 8 வாய் உள்ள சங்கு நிமிடத்துக்கு 2,850 சுற்றில் 380 ஹெர்ட்ஸ் ஒலியில் அலறும். 15 ஹெர்ட்ஸில் 855 சுற்று, 114 ஹெர்ட்ஸ் முனகல்தான், சத்தமும் வெகுவாக இறங்கும். காற்று உள்வாங்கும் வாயை ஒட்டுப்பலகை வைத்துப் போல்ட் போட்டு மூடினால் இன்னும் குறையும். துணி வேண்டாம், உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒருபோதும் ஏற்றாதீர்கள்: 60க்குப் போனால் சுழல்வட்டின் மீது விசை 44 சதவீதம் கூடும், பழைய வார்ப்பு அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

முழுக் குரல் கேட்க ஆசை என்றால், தொழிற்பேட்டையில் வளாகம் வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். அங்கே பகல் அளவு 75, எல்லையில் 80 வரை. அதே சங்குக்கு சுற்றிலும் 100 மீட்டர் இருந்தால் போதும். உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, நாள், நேரம், எத்தனை நொடி என்று காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து முத்திரை பெறுங்கள். காதுக்கவசம் போட்டு, ஒரே சீராக 10 நொடி ஊதுங்கள்.

அதற்கு முன், புகார் செய்த பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய்ப் பேசி, இனி இங்கே ஊதமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். அதன் நகலையும் மாஜிஸ்திரேட்டுக்குப் போடும் மனுவில் இணைத்துவிடுங்கள்.