தோட்டத்துப் பசளை கிணற்றுக்கு வருமா?

கேள்வி: பக்கத்துக் காட்டை வெட்டி மிளகாய், பப்பாசித் தோட்டம் ஆக்கிவிட்டார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் முந்திப் போலவே தெளிவு, ருசியும் மாறவில்லை. கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம், கைக்குழந்தையான பேரனுக்கு மாப்பாலும் அதில்தான் கரைக்கிறோம். பயப்பட வேண்டுமா?
- வாசகி, நெடுங்கேணி

பதில்: மாப்பாலுக்கு மட்டும் இன்றைக்கே தண்ணீரை மாற்றிவிடுங்கள், குழாய்த் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ பரவாயில்லை. மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். பயிர் எடுத்தது போக மிஞ்சுவது நைத்திரேற்றாக மாறி, இறைக்கிற தண்ணீரோடும் மாரி மழையோடும் கீழே இறங்கும். அதற்கு நிறமோ மணமோ ருசியோ கிடையாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் முதல் ஆபத்து போத்தல் பால் குடிக்கும் குழந்தைக்கு, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரித்துவிடும்.

காடு நின்றபோது அங்கே பசளை போட ஆளில்லை, மண்ணில் இருந்த நைதரசனையும் மரவேர்கள் இழுத்துக்கொண்டன. வயலாக்கியிருந்தால்கூட இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை, ஏனென்றால் தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றில் காற்றுப் புகாது, அங்கே நுண்ணுயிர்கள் நைத்திரேற்றில் ஒரு பங்கை வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். மேட்டுக்காணித் தோட்டம் அப்படியில்லை: காற்றோட்டமான மண், அடிக்கடி பசளை, அடிக்கடி இறைப்பு. உங்கள் பக்கம் அடியில் கருங்கல், அதன் மேலுள்ள உக்கிய பாறையில்தான் கிணற்றுத் தண்ணீரே நிற்கிறது, மேலே போட்டது அதுவரை போக அதிக தூரமில்லை.

ஆனால் தோட்டக்காரரோடு சண்டைக்குப் போக முதல் உங்கள் வளவையும் ஒருக்கா சுற்றிப் பாருங்கள். மாட்டுப்பட்டி கிணற்றுக்கு மேட்டுப்பக்கமாகவா இருக்கிறது? எருவும் மூத்திரமும் ஊறி இறங்கினால் அதுவும் நைத்திரேற்றுத்தான், மலசலகூடக் குழியும் அப்படியே. பட்டியைத் தாழ்ந்த பக்கம் மாற்றுவது உங்கள் கையில் இருக்கிற வேலை, உடனே செய்யலாம். கேத்தலில் வெள்ளை படிவதும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவதும் பெரும்பாலும் பாறையிலிருந்து வருகிற கல்சியமும் புளோரைட்டும், அந்தப் பழியைத் தோட்டத்தில் போட வேண்டாம்.

அப்புறம், தண்ணீரைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ கேளுங்கள். கிருமி மட்டும் பார்த்தால் போதாது, நைத்திரேற்றும் புளோரைட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கோடைக் கடைசியில் ஒருக்கா, மாரி பெய்து கிணறு ஊறிய பிறகு ஒருக்கா, இரண்டு முறையும் எடுப்பது நல்லது.